முதல் டிஎஸ்எல்ஆரும் ஒரு பி.காம் மாணவனின் கணக்கும்

டிஎஸ்எல்ஆர் வாங்கப் போறேன்னு சொன்னா, இப்ப எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "அதான் போன்லயே கேமரா இருக்கே?" என்பதுதான். நியாயமான கேள்விதான். கல்லூரி விழா, டீக்கடை அரட்டை, மழை பெய்யும் மொட்டை மாடி... இதுக்கெல்லாம் போனே போதும்ங்க. ஆனா எனக்கு வேண்டியது பறவைப் படம்.

எங்க ஈரோட்டுக்குப் பக்கத்துல வெள்ளோடு பறவைகள் சரணாலயம் இருக்கு. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி. கரையில நின்னு பார்த்தா, நடு ஏரி மரத்துல கூழைக்கடாவும் நீர்க்காகமும் உட்கார்ந்திருக்கும். போன்ல ஜூம் பண்ணி எடுத்தா, கூழைக்கடா வெள்ளைத் துணி மூட்டை மாதிரி வரும். நீர்க்காகத்தைப் பத்திச் சொல்லவே வேண்டாம் :)

கையில இருந்தது 35,000 ரூபாய். ரெண்டு வருஷமா ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல சாயங்கால நேரத்துல கணக்குப் பதிவு வேலை செஞ்சு சேர்த்தது. "இந்தக் காசுக்கு அரைப் பவுன்கூட வராது, போய் உனக்குப் பிடிச்சதை வாங்கு"ன்னு அம்மா சொல்லிட்டாங்க. ஆனா ஒரு நிபந்தனை. அடுத்த வருஷம் எம்.காம் சேரும்போது பணம் பத்தலைன்னா, கேமராவை வித்துத்தான் கட்டணம் கட்டணும். ஆக, நான் தேடினது நல்ல கேமரா மட்டுமில்ல. வித்தா போட்ட காசு பெரும்பாலும் திரும்பி வர்ற கேமரா!

இங்கதான் நம்ம வணிகவியல் கைகொடுத்தது. தேய்மானம் பாடத்துல ரெண்டு முறை படிச்சிருப்போம். நேர்கோட்டு முறையில வருஷா வருஷம் ஒரே தொகை குறையும். குறைந்துசெல் மதிப்பு முறையில முதல் வருஷம்தான் பெரிய அடி, அப்புறம் போகப் போகக் குறைஞ்சுடும். கேமரா ரெண்டாவது ரகம். அதோட, டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் (2019 ஜனவரிக்கு முன்னாடி 28). 40,000 ரூபாய்க்குப் புது கேமரா வாங்கினா, அதுல சுமார் 6,100 ரூபாய் வரி. நாளைக்கு அதை விக்கும்போது "வரியையும் சேர்த்துக் கொடுங்க"ன்னு யார்கிட்ட கேட்க முடியும்? முதல் அடியை வேற யாராவது ஏற்கனவே வாங்கியிருக்கணும். அதாவது பழைய கேமரா.

சரி, பழசுன்னா ஏன் மிரர்லெஸ் இல்ல? கேனானும் நிக்கானும் 2018-ல் புது மிரர்லெஸ் மவுண்ட்டுகளைக் கொண்டு வந்தாங்க. அதுக்கப்புறம் அவங்க கவனம் முழுக்க அந்தப் பக்கம் போயிடுச்சு. சோனி 2021-ல் டிஎஸ்எல்ஆர் விற்பனையையே நிறுத்திடுச்சு. இதுல நமக்கு ஒரு லாபம். தொழில்முறை ஆளுங்க மிரர்லெஸ்ஸுக்கு மாற, நல்ல டிஎஸ்எல்ஆர்களும் லென்ஸ்களும் சகாய விலைக்குச் சந்தைக்கு வருது. வெளியில சுத்துறவங்களுக்கு இதுல வேற வசதியும் உண்டு. உச்சி வெயில்ல திரை தெரியாட்டியும், கண்ணாடி வழியா பார்க்கிற வியூஃபைண்டர் பளிச்சுன்னு தெரியும். அதுக்கு பேட்டரியும் செலவாகாது. நிக்கான் டி7100 ஒரு சார்ஜுக்கு 950 படம் எடுக்கும்னு கணக்கு. ஆரம்பநிலை மிரர்லெஸ் பலதுல அது 300, 400தான்.

அடுத்தது எந்த மாடல்? என் பட்டியல்ல கடைசி வரைக்கும் நின்னது ரெண்டு.

1. நிக்கான் டி3500 (2018): பேட்டரியோட சேர்த்து 415 கிராம்தான், தூக்கறது சுலபம். ஆனா ஆட்டோஃபோகஸ் புள்ளி 11 மட்டும். தூசி, தூறலுக்குத் தடுப்பு இல்லை. பழைய ஏஎஃப்-டி லென்ஸ் மாட்டினா ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, பாடிக்குள்ள மோட்டார் கிடையாது.

2. நிக்கான் டி7100 (2013): வயசு அதிகம், எடையும் 765 கிராம். ஆனா 51 ஃபோகஸ் புள்ளி, நொடிக்கு 6 படம், தூசி-ஈரத் தடுப்பு, உள்ளேயே மோட்டார். ஷட்டர் 1,50,000 தடவைக்குச் சோதிச்சது.

பறக்கிற பறவைக்கு எது வேணும்னு சொல்லத் தேவையில்லை. புதுசுங்கிற ஒரே காரணத்துக்காக டி3500 வாங்கறதுல அர்த்தம் இல்லைன்னு தோணுச்சு.

பட்ஜெட்ல பெரிய பங்கு பாடிக்குப் போயிடக் கூடாது, இதுதான் முக்கியம். கூட வர்ற 18-55 லென்ஸை வெச்சுப் பறவை எடுக்க முடியாது. 300 எம்எம் லென்ஸாவது வேணும். நிக்கானோட சின்ன சென்சார்ல அது 450 எம்எம் மாதிரி பார்க்கும். கை நடுக்கம் படத்துல தெரியாம இருக்க, ஷட்டர் 1/500-க்குக் கீழ போகாம இருக்கிறது நல்லது. பறக்கிற பறவைன்னா 1/1000-க்கு மேல. பகல் வெளிச்சத்துல இது கஷ்டமில்லை, அதனால விலை உயர்ந்த அகல அபெர்ச்சர் லென்ஸுக்கு ஆசைப்பட வேண்டியதும் இல்லை.

ஒரு கண்ணி மட்டும் ஜாக்கிரதை: நிக்கானோட ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி90, டி7000 மாதிரி பழைய பாடிகள்ல ஃபோகஸே ஆகாது. "நிக்கான் லென்ஸ்தானே"ன்னு வாங்கிடாதீங்க. நான் பாதுகாப்பா ஏஎஃப்-எஸ் 70-300 விஆர் பக்கம் போயிட்டேன்.

பழசு வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

* ஷட்டர் எண்ணிக்கை. நிக்கான்ல எடுக்கிற படத்துக்குள்ளேயே இது பதிவாகும். ஒருத்தர் காட்டின பாடி 1,40,000-ஐத் தாண்டியிருந்தது, கல்யாணம் கல்யாணமா ஓடின வண்டி. கும்பிடு போட்டுட்டு வந்தேன். நான் எடுத்தது 31,000.
* லென்ஸ்ல பூஞ்சை. டார்ச் அடிச்சுப் பாருங்க, சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா வேண்டாம். விலை எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம்.
* சென்சார். எஃப்16 வெச்சு வெறும் வானத்தை ஒரு படம் எடுத்தா, தூசி எல்லாம் கறுப்புப் புள்ளியா தெரியும். தூசின்னா சுத்தம் பண்ணலாம், கீறல்னா கிளம்பிடுங்க.

ரெண்டும் சேர்த்து 32,500 ஆச்சு. மிச்சத்துல மெமரி கார்டும், காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும், சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் வாங்கினேன். ஏரிக்கரை ஈரத்துல சுத்திட்டு வந்து கேமராவைப் பைக்குள்ளயே வெச்சா, அந்தப் பூஞ்சை நம்ம வீட்டுக்கும் வரும்.

வர்ற ஜூன்ல இதை விக்க வேண்டி வருமா தெரியலை. வந்தாலும், என் கணக்குப்படி நாலஞ்சாயிரத்துக்கு மேல நஷ்டம் வராது. ஒரு வருஷத்துக்கு அதை வாடகைன்னு எழுதிக்கலாம். மாசத்துக்கு நானூறு சொச்சம். அதுக்குள்ள நீர்க்காகம் இறக்கையை விரிச்சுக் காய வைக்கிறதை, கண்ணோட பச்சை நிறம் தெரியற அளவுக்கு ஒரே ஒரு படமாவது எடுத்துட்டா, கணக்கு நேர் ஆயிடும்.