அப்பாட கணக்கு

நேற்றுப் புத்தூர் போய் வந்தேன். எழுத வேணும் போல இருந்தது.

அப்பா (வாப்பாட வாப்பா) சோனகதெருவில் இருந்த காலம் புகையிலை வாங்கி விற்றவர். சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் குடில் குடிலாகப் பார்த்து எடுப்பாராம். 1990 ஒக்டோபர் 30, இரண்டு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. நான் பிறந்ததே புத்தளத்தில்.

அங்கே வெற்றிலைக்கு வாங்கும் துண்டை விரித்து வைத்து, "இது எந்த இலை, சொல்லு மகன்" என்பார். நான் நிறத்தைப் பார்ப்பேன். "நெறத்தப் பாக்காத. புகை போட்டா எல்லாம் கறுப்புத்தான். நரம்பப் பாரு."

மண்ணோடு கிடக்கும் அடி இலை மெல்லிசு, நுனி மொட்டை. விரிந்து கிடப்பதால் நடுநரம்பு அடியிலிருந்து நுனிவரை வெளியே தெரியும். மேலே போகப் போக இலை தடிக்கும், இரண்டு பக்கமும் மடிந்து நரம்பை மூடும். தலை இலை ஒடுங்கிக் கூராக இருக்கும், நரம்பைத் தேடத்தான் வேணும். காரமும் அதில்தான் கூட. சிலர் சிப்பத்தின் வெளியே நல்ல இலையை வைத்து உள்ளே அடி இலையைத் திணிப்பார்கள். அதனால் விரலை உள்ளே விட்டு நரம்பைத் தடவிப் பார்த்துத்தான் விலை சொல்வாராம். (எனக்கு இந்தப் பழக்கமே இல்லை. பிள்ளைகளுக்குப் புகையிலையின் கெடுதியைப் படிப்பிக்கிறவன் நான்.)

அப்படிப்பட்டவர் கடைசியாக வாங்கிய சிப்பங்களில் பிழை விட்டிட்டார். பொழுதுபட்ட நேரம், அவசரம். நிறத்தை மட்டும் பார்த்து அடி இலை விலை கொடுத்துவிட்டார். கடைக்கு வந்து பிரித்தால் நடு இலை. அடுத்த கிழமை போய் மிச்சம் கொடுப்போம் என்றிருந்தார். அந்தக் கிழமை வரவே இல்லை. மௌத்தாகுமட்டும் அதையே சொன்னார். "நீ போனா குடுத்திரு."

தோட்டக்காரர் உயிரோடு இல்லை. மகனுக்கு அறுபது தாண்டியிருக்கும். கதையைச் சொல்லிக் காசை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. எழும்பிக் குடிலுக்குள் போய் ஓர் இலையோடு வந்தார்.

"என்ன இலை எண்டு சொல்லுங்கோ பாப்பம், சேர்."

கரிக்கறுப்பு. மடிப்புக்குள் விரலை விட்டு நரம்பைத் தடவினேன். பாதிவரை வெளியே நின்றது, மேலே மூடியிருந்தது.

"நடு."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு காசை வாங்கி, எண்ணாமலே மடியில் செருகினார். "தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போறீங்கள்" என்றார்.