எங்கள் வீட்டுக் கற்பூரவள்ளி

கற்பூரவள்ளி என்றதும் மாணவர்களுள் சிலருக்கு வாழைப்பழமே நினைவுக்கு வரும். அப்பெயரில் வாழை ஒன்று உண்டு. நான் சொல்ல வந்ததோ, தடித்த இலைகளில் மெல்லிய ரோமம் படர்ந்த சிறு செடியைப் பற்றி. இலையைக் கசக்கி முகர்ந்தால் ஓமத்தின் மணம் வீசும். ஆதலால் ஓமவள்ளி என்றும் அதனை அழைப்பர். ஓமத்திலுள்ள தைமால் என்னும் பொருளும், அதற்கு நெருங்கிய உறவான கார்வக்ரால் என்பதும் இவ்விலையின் எண்ணெயில் இருப்பதே அம்மணத்திற்குக் காரணம்.

1790ஆம் ஆண்டில் இதற்குத் தாவரவியற் பெயர் சூட்டிய லூரெய்ரோ என்னும் போர்த்துகீசியப் பாதிரியார், இன்றைய இந்தோனேசியாவிலுள்ள அம்பாயினாத் தீவின் பெயரை அதனுடன் சேர்த்தார். ஆனால் ஆப்பிரிக்காவின் கிழக்கு, தெற்குப் பகுதிகளிலும் இது இயற்கையாகவே வளர்கிறது. நம்மைப் போலவே இதுவும் கடல் கடந்து குடியேறிய செடிதான். சுமத்ராவின் பாத்தாக் மக்கள், பிள்ளை பெற்ற தாய்மார்க்குப் பால் ஊறுவதற்காக இதனைக் குழம்பாகச் சமைத்துக் கொடுப்பர்.

என் அன்னையார் கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் ஆயாக்கொட்டகையில் பணிபுரிந்தவர். விடியுமுன் பால்மரம் சீவச் செல்லும் தாய்மார்கள், தம் கைக்குழந்தைகளை அங்கே விட்டுச் செல்வர். கொட்டகையின் பின்புறத்தில், ஓட்டை விழுந்த பால் வாளி ஒன்றில் இச்செடி செழித்திருந்தது. 1986ஆம் ஆண்டில் தோட்டம் வீடமைப்புக்காக அழிக்கப்பட்டபோது லயத்து மக்கள் திசைக்கொருவராய்ப் பிரிந்தனர். அவரவர் சாமிப்படமும் தட்டுமுட்டுச் சாமான்களும் லாரியில் ஏறின. அன்னையாரோ, நான்கு தண்டுகளை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அடுக்குமாடி வீட்டின் ஐந்தாம் மாடியில் அவை வேரூன்றின. இதனை வளர்ப்பது எளிது. ஒரு சாண் நீளத் தண்டைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடியிலைகளைக் களைந்து, மணல் கலந்த மண்ணில் நட வேண்டும். இரண்டு மூன்று வாரங்களில் வேர் பிடிக்கும். காலை வெயில் போதும். அன்பு மிகுந்து தினமும் நீர் ஊற்றுவோர் வீட்டில்தான் இச்செடி அழுகும்! நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் மழைக்குச் சட்டியின் அடியில் துளைகள் அவசியம். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கத்தில் கிளைக்கும். கிள்ளாமல் விட்ட செடி சில ஆண்டுகளில் கட்டையாகிவிடும். அப்போது புதுத் தண்டு நட்டாக வேண்டும்.

சட்டியின் கீழ்த் தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பறந்து செல்ல ஏறக்குறைய ஒரு வாரமே போதும். டிங்கிக் காய்ச்சல் சிலாங்கூருக்குப் பல ஆண்டுகளாகத் தீராத தொல்லை. கொசு வளர இடம் கொடுப்போர்க்கு 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

சளி பிடித்தால், இலையை அனலில் வாட்டிப் பிழிந்த சாற்றில் சில துளி தேன் சேர்த்துக் கொடுப்பது லயத்து வழக்கம். தொண்டைக்கு அது இதமாக இருக்கும். எனினும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். பெரியவர்கள் இலையை இரசத்தில் இடலாம். மாவில் தோய்த்துப் பஜ்ஜியும் சுடலாம். என் பிள்ளைகளுக்குத் தெரிந்த மருத்துவப் பயன் அந்தப் பஜ்ஜி ஒன்றே.

ஒருநாள் மாலை, பக்கத்து வீட்டுப் பெண் எட்டு மாதக் குழந்தையுடன் வந்தாள்.

“பெரியம்மா, பிள்ளைக்குச் சளி. நாலு இலை கொடுங்கள்.”

“இலை எங்கேயும் போகாது தாயி. முதலில் பிள்ளையின் சட்டையைத் தூக்கு” என்றார் அன்னையார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுதும் குழந்தையின் மூச்சை எண்ணினார். அறுபதைத் தாண்டியது; விலா எலும்பின் கீழே சதை உள்ளிழுத்தது. இலை கொடுக்கவில்லை. கையோடு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். நிமோனியா என்று கண்டறிந்து மருத்துவர்கள் உடனே சிகிச்சை தொடங்கினர். அக்குழந்தை இன்று இரு பிள்ளைகளுக்குத் தாய். பிரிக்ஃபீல்ட்ஸில் அவள் வீட்டு மாடத்திலும் இச்செடி இருக்கிறது.

பெற்றோர்களே, அந்தக் கணக்கை நீங்களும் குறித்து வையுங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது எண்ண வேண்டும். ஒரு நிமிடத்தில் இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தை 60 முறை, அதற்குமேல் ஓராண்டு வரை 50 முறை, ஐந்து வயது வரை 40 முறை, இவ்வளவோ இதற்கு மேலோ மூச்சு வாங்கினால் இலையைத் தேடாமல் மருத்துவரிடம் ஓடுங்கள். நீரிழிவு முதல் புற்றுநோய் வரை இவ்விலை தீர்க்கும் என்று கூறுவோரும் உளர். அவர்கள் பேச்சை நான் ஏற்பதில்லை.

நம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் பின்புறம் பத்துச் சட்டிகளில் கற்பூரவள்ளி தழைத்துள்ளது. தண்டு வேண்டுவோர் பள்ளி விடும் நேரத்தில் வந்து கேட்டுப் பெறலாம். சுற்றிக் கொண்டுபோக ஒரு துண்டு ஈரத்துணி கொண்டுவந்தால் போதும்.