கடலோரம் ஒரு நடை – 4: பழவேற்காட்டு எலும்புக்கூடுகள்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை சொல்ல ஒன்றுமில்லை. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இறங்கியதுமே ஒரு படகுக்காரர் பிடித்துக்கொண்டார். முகத்துவாரம் வரை காட்டுவதாகப் பேசி ஏற்றினார். முகத்துவாரம் கண்ணில் படுமுன்பே படகைத் திருப்பிவிட்டார். கேட்டால், "காத்து சரியில்ல சார்." பேரம் பேசியபோது காற்று நன்றாகத்தான் இருந்தது! கரையில் நின்று சண்டை போட்டேன், பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நாலு பேர் கூடியதும் அவர் ஒரு கூறு நண்டை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். அடுப்பில்லாத பயணிக்கு உயிருள்ள நண்டு! பக்கத்துச் சாப்பாட்டுக் கடை அம்மா சிரித்துக்கொண்டே அதை வாங்கி, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, அரை மணியில் இலையில் வைத்தார். சமைத்த கூலி என்று பத்துப் பைசாகூட வாங்கவில்லை. சோற்றுக்கு மட்டும்தான் காசு. இந்த ஊரைப் பற்றி இனி நான் கெட்டதாக எழுத முடியாது. கல்லறைத் தோட்டத்து மதிலோரம் கிடக்கும் குப்பையைத் தவிர.

டச்சுக்காரர்களின் அந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கத்தான் வந்தேன். வாசலின் இரு புறமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள். ஒன்றிடம் மணற்கடிகாரம், மற்றதிடம் மண்டையோடு. நம் கோயில் வாசலில் துவாரபாலகர் ஆயுதத்தோடு மிரட்டுவார். இவர்களோ, உன் நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று மரியாதையாக ஞாபகப்படுத்துகிறார்கள். எனக்கு இவர்களைப் பிடித்துவிட்டது.

1613-இல் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கால்வின் வழியைப் பின்பற்றிய சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள். செத்தவனுக்காக ஜெபித்துப் பயனில்லை, அவன் கணக்கு முடிந்துவிட்டது என்பது அவர்கள் நம்பிக்கை. அடக்கத்தின்போது பிரசங்கமே கூடாது என்று 1574-இல் டோர்ட்ரெக்ட் நகரில் கூடிய திருச்சபை மாநாடு சொல்லிவிட்டது. பிரசங்கத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் மற்றதில் கொட்டினார்கள். கறுப்பு உடுப்புப் போட்ட ஆள் வீடு வீடாகப் போய்ச் சாவு சொல்லுவான். குடும்பச் சின்னம் தீட்டிய பலகையை ஊர்வலத்தில் தூக்கிப்போய் தேவாலயச் சுவரில் மாட்டுவார்கள். இலங்கையின் காலியில் அவை இன்னும் தொங்குகின்றன. குழி மூடியதும் வீட்டில் மதுவும் புகையிலைக் குழாயும். ஆடம்பரம் எல்லை மீறிப் போய், 1754-இல் பத்தாவியாவின் (இன்றைய ஜகார்த்தா) கவர்னர் ஜெனரல் யாக்கோப் மொசல் போட்ட சட்டத்தில் சாவுச் செலவுக்கும் கடிவாளம் வந்தது. நம் ஊர்க் கல்யாணங்களுக்கு ஒரு மொசல் வந்தால் தேவலை.

உள்ளே பெரிய பெரிய கருங்கல் பலகைகள், கூம்பிய தூண்கள், குடும்பச் சின்னங்கள். டச்சு எனக்குத் தெரியாது. பெயரையும் ஆண்டையும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பலகையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். மாமல்லபுரத்துச் சிற்பக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவராம், மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் இது.

"எழுத்தைக் குழிச்சிருந்தா சுளுவான வேலை தம்பி. இவன் எழுத்தை மட்டும் நிறுத்திட்டு, சுத்தி இருக்கறதையெல்லாம் எடுத்திருக்கான் பாருங்க. ஒரு எழுத்து மூக்கு உடைஞ்சா மொத்தக் கல்லும் போச்சு."

அதுவரை நான் கவனிக்கவில்லை. எழுத்துகள் எல்லாம் புடைத்து நின்றன. விரலை ஓட்டச் சொன்னார். பிறகு விளிம்பில் ஓடும் பூக்கொடியைக் காட்டி, "இந்தக் கொடிக்கருக்கு நம்ம கைதான்" என்றார்.

"டச்சு படிக்கத் தெரிஞ்சவனா இருப்பானாங்க ஐயா?"

"எதுக்குப் படிக்கணும்? வரைஞ்சு குடுத்தா போதாதா? நான் ஜப்பான்காரனுக்குச் செஞ்சு அனுப்பியிருக்கேன். அவன் எழுத்து எனக்குத் தெரியுமா?"

கொத்தியது நம் கைதான் என்ற அவர் ஊகம் பொய்யில்லை. இந்தக் கரையில் கொத்திய கல்லறைப் பலகைகள் கப்பலேறிப் பத்தாவியா வரை போயின. ஜகார்த்தாவின் கல்லறை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அதே கம்பெனிக் கப்பல்களில் பஞ்ச காலத்தில் நம் ஆட்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள். கல்லுக்குச் சொந்தக்காரன் பெயர் புடைப்பெழுத்தில் நிற்கிறது. கொத்தியவன் பெயரும் இல்லை, ஏற்றப்பட்டவன் பெயரும் இல்லை. இதை எழுதும்போது எலும்புக்கூடுகள் மேலிருந்த பிரியம் கொஞ்சம் குறைகிறது.

கோட்டையையும் போய்ப் பார்த்தேன். புதரும் மேடும்தான்.

அடுத்து சதுரங்கப்பட்டினம். அங்கேயும் டச்சுக் கோட்டை, அங்கேயும் கல்லறைகள். பத்திரிகை ஆசிரியர் நாகப்பட்டினத்தையும் விடக்கூடாது என்கிறார். உண்மையைச் சொன்னால் எனக்குச் செத்தவர்கள் அலுத்துவிட்டார்கள். சதுரங்கப்பட்டினத்தில் மதியச் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்று தெரிந்தவர்கள் ஒரு தபால் அட்டை போடுங்கள்.

(தொடரும்)