ஆசிரியரின்றிக் கற்ற யப்பானியம்

கண்டி நகரிலே மரக்கறி இறக்க வரும் லொறிகள் பின்னோக்கி நகரும்போது ஒரு பெண்குரல் ஒலிப்பதைக் கேட்டவர் பலர். "பக்கு ஷிமாசு" என்று அது மீண்டும் மீண்டும் கூறும். பின்னே வருகின்றேன் என்பதே அதன் பொருள். யப்பானிற் பல்லாண்டு ஓடிப் பின்னர் இங்கு வந்திறங்கிய லொறி, உரிமையாளர் மாறியும் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. அக்குரலின் பொருளை அறிய முற்பட்டதே பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு யப்பானிய மொழிக் கற்கையின் பிள்ளையார் சுழியாயிற்று. பொருளறிந்தபோது சிறிது ஏமாற்றமும் உண்டாயிற்று. 'பக்கு' என்பது யப்பானியர் ஆங்கிலத்திலிருந்து கடன்கொண்ட 'பாக்' என்னும் சொல்லேயாம்.

ஆர்வம் மட்டும் அவனை இத்துறைக்கு இழுக்கவில்லை. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் யப்பான், திறன்பெற்ற வெளிநாட்டுத் தொழிலாளர்க்கெனப் புதிய விசா முறையொன்றைத் தொடக்கியது. அவ்வாண்டு யூன் மாதத்தில் இலங்கையும் அது தொடர்பான உடன்பாட்டில் ஒப்பமிட்டது. முதியோர் பராமரிப்பு முதலிய தொழில்களுக்குச் செல்ல விரும்புவோர் திறன் பரீட்சையோடு மொழிப் பரீட்சையிலும் தேறவேண்டும். பட்டம் பெற்றபின் வேலைக்குக் காத்திருத்தல் எத்தன்மையது என்பதை அவன் மூத்த மாணவரிடத்தே கண்டிருந்தான். கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கும் தாயிடம் மொழி வகுப்புக்குக் கட்டணம் கேட்கும் துணிவு அவனுக்கு இல்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலவழி நூலொன்றும் ஒரு கொப்பியுமே அவனுடைய ஆசிரியர்களாயின.

முதல் வாரம் மகிழ்ச்சியாகவே கழிந்தது. யப்பானிய மொழியின் உயிர்கள் ஐந்து. அவை அடுக்கப்பட்டுள்ள முறையோ அ, இ, உ, எ, ஒ என்பது. அரிச்சுவடியின் குறில்கள் அதே வரிசையில் நிற்கக் கண்டு அவன் வியந்தான். மெய்களும் க, ச, த, ந என்று தொடங்கி ம, ய, ர, வ என்று முடிகின்றன. இஃது இயல்பாய் நேர்ந்த ஒற்றுமையன்று. பௌத்த நூல்களின் பொருட்டு வடமொழி எழுத்துமுறையைக் கற்ற யப்பானியத் துறவிகள் வழியாகச் சென்ற இந்திய ஒலியியலின் விளைவே அது. குறில் நெடில் வேறுபாடும் தமிழ்ச் செவிக்குப் புதிதன்று. 'ஒபசன்' என்றால் மாமி போன்ற உறவினர். 'ஒபாசன்' என்றால் பாட்டி. ஆங்கிலேயர் இடருறும் இவ்விடத்தைத் தமிழ் மாணவன் எளிதிற் கடந்து விடுகின்றான்.

இடர் வேறிடத்திலிருந்து வந்தது. உச்சரிப்புக்களையெல்லாம் அவன் தமிழெழுத்தில் எழுதிவைத்தான். தமிழ் நெடுங்கணக்கு வல்லொலிக்கும் அதன் மெலிந்த ஒலிக்கும் ஒரே எழுத்தை வழங்குவது. தமிழ்ச் சொற்களுக்கு அதனால் இடையூறில்லை. இடம் நோக்கி ஒலி தானே அமையும். யப்பானியத்தில் அவ்வாறன்று. 'தைகக்கு' என்று அவன் கொப்பியில் எழுதிய சொல்லைப் 'பந்து' என்பதிலுள்ள தகரவொலியோடு தொடங்கினாற் பல்கலைக்கழகம் என்று பொருள். 'தம்பி' என்பதிலுள்ள தகரவொலியோடு தொடங்கினாலோ, படிப்பை இடையில் விட்டு நீங்குதல் என்று பொருள். பேராதனைப் பூங்காவிற் கண்ட யப்பானியச் சுற்றுலாப் பயணி ஒருவரிடம், தான் பேராதனைப் பல்கலைக்கழக மாணவன் என்று அவன் பெருமையோடு கூற, அம்முதியவர் முகத்தில் தோன்றியது இரக்கம். அதன் காரணம் மறுநாள் அகராதியைப் புரட்டியபோதே அவனுக்கு விளங்கிற்று. அன்று தமிழெழுத்துக் குறிப்புக்கள் அனைத்தையும் கிழித்தெறிந்தான். ஹிரகானா எனப்படும் அடிப்படை எழுத்துக்கள் நாற்பத்தாறையும் கற்க இரு வாரங்கள் போதும். அதனைத் தவிர்க்கத் தேடும் குறுக்குவழியே நெடுவழியாகின்றது.

இலக்கணத்திற்கு வந்தபோது நூலின் ஆங்கிலமே தடையாயிற்று. பெயருக்குப் பின் வரும் உருபுகளை ஆங்கிலேயருக்கு உணர்த்த அந்நூல் பக்கம் பக்கமாக முயன்றிருந்தது. அவனும் தமிழை ஒதுக்கிவைத்து, வாக்கியத்தை ஆங்கிலமாக்கி, அவ்வாங்கிலத்தை யப்பானியமாக்க முயன்று மூன்று மாதங்களை வீணாக்கினான். 'சாப்பிட்டுப் பார்' என்பதை யப்பானியர் 'தபெதெ மிரு' என்பர். 'மிரு' என்பது பார் என்னும் வினையே. இதனை விளக்க நூலுக்கு அரைப் பக்கம் தேவைப்பட்டது. தமிழனுக்கு ஒரு சொற்கூடத் தேவையில்லை. நேற்று வாங்கிய புத்தகம் என்பது சொல்லுக்குச் சொல் அவ்வரிசையிலேயே யப்பானியத்தில் அமைகின்றது. பெயரெச்சம், வினையெச்சம் என்று பள்ளியில் மனனம் செய்த பெயர்களுக்குப் பயனுண்டு என்பதை அவன் முதன்முறையாக உணர்ந்தது யப்பானியம் கற்கையிலேதான். 'கொரெ, சொரெ, அரெ' என்னும் சுட்டுக்களைக் கண்டபோது, யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன் சிரித்துக்கொண்டே "இது, உது, அது" என்றான். கேட்பவர் பக்கலிலுள்ளதைச் சுட்டும் 'உது' மலையகப் பேச்சில் இல்லை; யாழ்ப்பாணத்தில் இன்றும் வாழ்கின்றது.

இத்தகைய ஒற்றுமைகளைக் காணும் எவர்க்கும் அடுத்து எழும் எண்ணம், இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளோ என்பது. அவ்வெண்ணத்திற்கு ஓர் அறிஞரின் வாழ்வே சான்றாக நிற்கின்றது. 1919இற் பிறந்த பேராசிரியர் சுசுமு ஓனோ, யப்பானிய மொழி வரலாற்றிற் பெயர்பெற்ற பின்னர், ஏறத்தாழ அறுபதாவது வயதிலே தமிழ் கற்கத் தொடங்கினார். 1980 முதல் இரு மொழிக்குமிடையிலான ஒலியொப்புமைகளை நூல்களாக வெளியிட்டார். பேராதனையிற் பயின்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் விளங்கிய அ. சண்முகதாஸ் அவர்களும் மனோன்மணி சண்முகதாஸ் அவர்களும் அவரோடு இணைந்து உழைத்தனர். 2008இல் மறையும்வரை ஓனோ தம் கொள்கையைக் கைவிடவில்லை. ஆயினும், ஒப்பியன் மொழியியலாளரிற் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை.

மாணவனோ ஓனோவின் பக்கமே நின்றான். விடுதியறையில் இதனைப் பெருமிதத்தோடு விரித்துரைத்தபோது, மாத்தளையைச் சேர்ந்த சிங்கள அறைத்தோழன் அமைதியாகக் கேட்டிருந்து, "காலா பலன்ன" என்றான். சாப்பிட்டுப் பார் என்பதற்கு அதுவே சிங்களம். அங்கும் இரண்டாவது சொல் பார் என்பதே. கேட்பவர் பக்கலிலுள்ளதைச் சுட்டுவதற்கு 'ஒய' என்னும் தனிச்சொல்லும் சிங்களத்தில் உண்டு. வினை இறுதியில் வரும். உருபு பெயருக்குப் பின் வரும். சிங்களமோ இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தது. வாக்கிய அமைப்பின் ஒற்றுமையால் உறவு நிலைநாட்டப்படுமாயின், அவ்வறையிலிருந்த இருவரும் யப்பானியருக்கு ஒரே முறையில் உறவினராதல் வேண்டும். ஓனோ வாக்கிய அமைப்பை மட்டும் சான்றாகக் கொண்டவரல்லர் என்பது மெய்யே. ஆனால் மாணவன் கொண்டது அதனை மட்டுமே. அன்றிரவு அவனிடம் மறுமொழி இருக்கவில்லை.

அப்பெருமிதத்தின் விலை பரீட்சையிலே தெரிந்தது. மொழி நமக்கு எளிது என்றெண்ணிச் சீன எழுத்துக்களை அவன் பின்தள்ளி வைத்திருந்தான். அவ்வெழுத்துக்களுக்குக் கஞ்சி என்று பெயர், விடுதியில் அவனை நண்பர்கள் "இன்று எத்தனை கோப்பை?" என்று கேலி செய்தமைக்கு அதுவே காரணம். பொது வழக்கிற்கென 2010இல் திருத்தப்பட்ட பட்டியலில் 2,136 கஞ்சிகள் உள்ளன. ஒன்றற்கே பல ஒலிப்புக்கள் உண்டு. தமிழ் இங்கே எவ்வகையிலும் கைகொடாது. அவன் எழுதிய பரீட்சையிற் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. வாசிப்பும் கேட்டலுமே உள்ளன. நாவிற் சரளமாக வந்த வாக்கியங்கள் தாளிற் கஞ்சிகளாய் நின்றபோது அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. பெறுபேறு வந்தபோது, பரீட்சைக் கட்டணத்துக்காகத் தாய் சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்த தொகையையே அவன் முதலில் நினைத்தான்.

இப்பொழுது அவனும் அறைத்தோழனும் ஒரே கொப்பியிற் கற்கின்றனர். நாளொன்றுக்கு ஐந்து கஞ்சிகள் என்பது ஒப்பந்தம். யப்பானிலிருந்து வந்த வான்களிலும் பஸ்களிலும் எஞ்சியுள்ள எழுத்துக்களே அவர்தம் பயிற்சி நூல். கெட்டம்பேயில் ஏறிய பஸ்ஸொன்றின் பின்கதவின் மேலே மூன்றெழுத்துக்கள் இருந்தன. முதலிரண்டும் புரியவில்லை. மூன்றாவது சிறு சதுரம். வாய் என்பது அதன் பொருள். வாய் என்பதிலிருந்து வாயில் என்று தமிழ் போகும் வழியிலேயே யப்பானியமும் போயிருப்பதைக் கண்டு, இது அவசர காலத்தில் வெளியேறும் வாயிலாக இருக்கவேண்டும் என்று அவன் ஊகித்தான். தோழன் கைப்பேசியில் அகராதியைத் தேடிச் சரியென்றான். உறவைப் பற்றி இருவரும் ஒன்றும் பேசவில்லை. கலஹாச் சந்தி வரும்வரை முதலிரண்டு எழுத்துக்களையும் விரலால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டே சென்றனர்.