பதினாறு வரிசைக்குள் தமிழ் வரைந்தவர்களுக்கு

யுனிஃபான்ட் எழுத்துருவை 1998-இல் தொடங்கிய ரோமன் சிபோரா, அதைத் தொடர்ந்து வளர்த்த பால் ஹார்டி, அதில் தமிழுக்கான கட்டங்களை நிரப்பிய தன்னார்வலர்கள் அனைவருக்கும்,

திண்டுக்கல்லுக்கு வடக்கே, குடகனாற்றங்கரைத் தாடிக்கொம்பிலிருந்து எழுதுகிறேன்.

கடைகளுக்கு எல்.இ.டி. ஸ்க்ரோலிங் போர்டு செய்து கொடுப்பது என் தொழில். தேய்பிறை அஷ்டமி என்றால் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் சொர்ண ஆகர்ஷண பைரவரைக் கும்பிட வெளியூர்க் கூட்டம் திரளும். பூ எங்கே, சாப்பாடு எங்கே, மருந்து எங்கே என்று அவர்கள் தேடும்போது, சிவப்புப் புள்ளிகளில் ஓடும் தமிழ் வழிசொல்ல வேண்டும். நான் செய்யும் பலகைகளில் அந்தத் தமிழ் பிழையின்றித் தெரிவதற்கு நீங்கள் போட்ட அடித்தளமே காரணம்.

நாங்கள் புழங்குவது பி10 போர்டு. ஒரு போர்டில் அகலவாட்டில் 32, உயரவாட்டில் 16 விளக்குகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 10 மில்லிமீட்டர் இடைவெளி. ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு ஐந்துக்கு ஏழு புள்ளிகளே போதும். தமிழுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் அதன் கீழுள்ள இடைவெளிக்கும் மேலே மூன்று வரிசை போகும். ‘ழு’, ‘மு’ போன்றவை இறங்கி வளையக் கீழே மூன்று வேண்டும். எஞ்சும் பத்து வரிசைக்குள் மூன்று சுழி ணகரமும் நிற்க வேண்டும், இரண்டு சுழி னகரமும் நிற்க வேண்டும். தூரத்தில் வரும் பேருந்திலிருந்து பார்க்கிறவர் இரண்டையும் பிரித்து அறிய வேண்டும். அகலத்தை இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது. எழுத்து அகன்றால் இன்னொரு போர்டு சேரும், கடைக்காரரின் செலவு ஏறும்.

கணினியில் அழகாக இருக்கும் எழுத்துருவை எடுத்து அப்படியே 16 வரிசைக்குச் சுருக்கினால் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. சின்னாளபட்டியைப் போன்ற நெசவூர்களில் சேலைக் கரைக்குக் கட்டத் தாளில் டிசைன் எழுதுகிறவர், எந்தக் கட்டத்தை நிரப்புவது என்பதோடு எதைக் காலியாக விடுவது என்பதையும் கணக்குப் பார்ப்பார். நீங்கள் செய்ததும் அந்தக் கணக்குதான். ணகரத்தின் சுழிக்குள் எரியாமல் இருக்கும் ஒரு புள்ளிதான் அதை ணகரமாக வைத்திருக்கிறது. அதை அணைத்தே வைக்க வேண்டும் என்று ஒருவர் யோசித்து முடிவெடுத்திருக்கிறார். அவர் யாரோ, அவருக்கு என் தனி நன்றி.

உங்கள் எழுத்துருக் கோப்பின் எளிமைக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஓர் எழுத்துக்கு ஒரு வரி. 16-க்கு 16 கட்டமுள்ள எழுத்தென்றால் 64 பதினறும இலக்கங்கள், அவ்வளவுதான். விலை கொடுத்து எந்த மென்பொருளும் வாங்காமல், சாதாரண உரைக் கோப்பாகத் திறந்து படிக்கலாம், திருத்தலாம், சிறு மின்சுற்றின் நினைவகத்தில் ஏற்றலாம். எழுத்தையும் கொடுத்து, மாற்றும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தீர்கள். சிற்றூரில் தொழில் செய்கிறவனுக்கு இது பெரிய உதவி.

உங்களுக்கு முன்னால் இந்தப் பாதையில் நடக்கத் தொடங்கியவர்களையும் நினைத்துக்கொள்கிறேன். 1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினிக்காக சூசன் கேர் கட்டம் கட்டமாக எழுத்து வரைந்தார். அதே ஆண்டில் கனடாவில் முனைவர் கே. சீனிவாசன் ‘ஆதமி’ என்ற மென்பொருள் வழியாகக் கணினித் திரையில் தமிழைக் கொண்டுவந்தார். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கினார். 2005 பொங்கலின்போது சிங்கப்பூரில் அவருடைய செல்லினம் என்ற மென்பொருள் கைப்பேசிக்குள் தமிழை ஏற்றியது. திரை சிறிது என்று தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிச் சமாளிக்கச் சீனிவாசனும் முத்து நெடுமாறனும் ஒப்பவில்லை.

இன்று விளையாட்டுகளிலும் சுவரொட்டிகளிலும் கட்டம் கட்டமான எழுத்து பழைய காலத்து அழகுக்காகத் திரும்பி வருகிறது. தமிழிலும் இளைஞர்கள் வரைகிறார்கள், மகிழ்ச்சி. அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன்: வளைவை வெட்டிச் சதுரமாக்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வோர் எழுத்திலும் எதை இழந்தால் அது வேறெழுத்தாகிவிடும் என்று பாருங்கள். திண்டுக்கல் ஜங்ஷன் நடைமேடைப் பலகையில் தம் ரயிலின் பெயரைத் தேடும் முதியவருக்குப் பழைய அழகு முக்கியமில்லை, பெயர் தெரிய வேண்டும்.

ஒரு வேலை மிச்சமிருக்கிறது. யூனிகோடில் ககரமும் உகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள். ‘கு’ என்று சேர்ந்த வடிவத்துக்குத் தனி இடம் இல்லை. குறியீட்டுக்கு ஒரு வரி என்ற உங்கள் முறையிலும் இப்படிச் சேர்ந்த வடிவங்களுக்கு இடமில்லை. 18 மெய்களுக்கும் உகரம், ஊகாரம் என்று 36 வடிவங்கள். அவற்றை உங்கள் ககரத்திலிருந்தும் மகரத்திலிருந்தும் தொடங்கித்தான் நான் வரைந்தேன். உங்கள் வேலையின்மேல் எழுந்தவற்றை எனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது நியாயமில்லை. நீங்கள் கொடுத்த அதே உரிமையோடு அந்த 36-ஐயும் பொதுவில் வைக்கிறேன். குறையிருந்தால் திருத்துங்கள், பலகை செய்யும் எவரும் எடுத்துக்கொள்ளட்டும்.


எழுத்துப் பலகை செய்பவன்,
தாடிக்கொம்பு.