துரை வேஷம்

கள்ளக்குறிச்சி கொட்டகையில் தரை டிக்கெட் எடுத்து ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ பார்த்தோம். 1959 படம். ஜாக்சன் துரையாக நடித்தது நம்ம சி. ஆர். பார்த்திபன்தான். பிறகு வந்த துரைகளுக்கும் அதே தொப்பி, பூட்ஸ், கொச்சைத் தமிழ்.

திரும்பும்போது ஆயா கேட்டாள்: “நம்மள வயக்காட்டுல அடிச்சவன் இவன் இல்லியேடா?”

1891இல் நம்ம சனத்துக்கு நிலம் வேணும்னு அறிக்கை எழுதினவர் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர். பஞ்சமி நிலம் அப்படி வந்தது. அவரை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. அதற்காக வெள்ளைக்காரனுக்குக் கும்பிடு போடச் சொல்லவில்லை. கல்வராயன் மலையை ஜாகிர்தார்களிடமே விட்டுப் போனவனும் அவன்தான். 1976 வரை மலை அவர்கள் கையில். அங்கே சனம் கூலியில்லாமல் உழைத்தது. அந்த ஜாகிர்தாருக்குத்தான் சினிமாவில் இன்னும் வேஷம் கட்டவில்லை.