கையில் எடுத்த நெல்

பள்ளிகள் திறந்த சில வாரங்களுக்கெல்லாம் எழுதுபொருள் கடைகளில் ஒரு காட்சியைக் காண்கிறோம். வேலை முடிந்து களைப்போடு வந்த தாய்மார்கள், வண்ணத் தாளும் தெர்மகோல் அட்டையும் கேட்டு நிற்கின்றனர். இரவில் தாய் வெட்டுகிறார்; தந்தை ஒட்டுகிறார்; பிள்ளை உறங்கிவிடுகிறது. மறுநாள் அது ‘மாணவர் கைவண்ணம்’ என்ற தலைப்பின் கீழ் வகுப்பறைச் சுவரில் தொங்குகிறது. இதற்கும் செயல்வழிக் கற்றல் என்றே பெயர் சூட்டுகிறோம்.

இத்தகைய கல்விக்கு வித்திட்டவர்களுள் ஒருவரான மரியா மாண்டிசோரி அம்மையார், 1907 ஜனவரி 6, திருக்காட்சித் திருநாளன்று, உரோமை நகரின் சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கு வந்தவர்கள் ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகள். கை கழுவுதல், பொத்தான் மாட்டுதல், தூசி துடைத்தல் போன்ற அன்றாட வேலைகளே அவர்களுக்குப் பாடமாயின. பின்னர் பார்சலோனாவில், நற்கருணைக்குரிய அப்பத்திற்காகவும் இரசத்திற்காகவும் சிறுவர்களே கோதுமை விதைத்துத் திராட்சைக் கொடி வளர்த்தனர். மண்ணைக் கிளறிய கைகளுக்குத் திருப்பலி அந்நியமாக இருந்திருக்க முடியுமா?

1939இல் சென்னைக்கு வந்த அம்மையாரை உலகப் போர் இந்தியாவிலேயே நிறுத்திவிட்டது. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்தார். அந்த மலையின் செடிகளும் சிற்றுயிர்களும் அங்கே குழந்தைகளின் பாடப் பொருள்களாயின. பாடங்களைத் தனித்தனித் துண்டுகளாக வெட்டாமல், ஒரே பெருங்கதையின் பகுதிகளாக இணைத்துக் கற்பிக்கும் அவருடைய திட்டம் அங்கேதான் முதிர்ச்சி பெற்றது. நம் தமிழ்நாட்டிலும், ரிஷிவாலி பள்ளியின் முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிப் பின் மாநிலமெங்கும் பரவியது. பாயில் அமர்ந்த சிறுவர்களின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை தாழ்ந்து வந்தது. அந்த ஒன்றுக்காகவே அம்முறையை வாழ்த்தலாம்.

காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றின் துவக்கப் பள்ளியில் நாம் பணியாற்றிய நாள்களில், மூன்றாம் வகுப்பிற்கு இரண்டு வாரம் நெல்லையே பாடமாக எடுத்துக்கொண்டோம். ஒரே நிபந்தனை வைத்தோம்: எந்தப் பிள்ளையும் கடையில் ஒரு காசுக்கும் பொருள் வாங்கலாகாது. அதற்குக் காரணம் இருந்தது. அவ்வகுப்பில் ஒரு சிறுமி. தாய் நடவுக் கூலி. கண்காட்சி நாள் வந்தால் அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். அந்த வலியின் பெயர் எமக்குத் தெரிந்தே இருந்தது.

முதல் நாள் வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்து முட்டையை இட்டோம். முட்டை மிதந்து, ஒரு நாணய அளவு மேலே தெரிந்தால் கரைசல் பதம். அதில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும். மணியான விதை அடியில் தங்கும். முட்டை அரைகுறையாய் மேலெழும்பியதைக் கண்டு பிள்ளைகள் ஆரவாரித்தபோது அச்சிறுமி மட்டும், “உப்பு பத்தல டீச்சர், முட்டை இன்னும் மேல வரணும்” என்றாள். இன்னும் இரண்டு பிடி உப்பு இட்டோம். அவள் சொன்னதே சரியாயிற்று. விதையை நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் முளைக்காது என்று அடுத்துச் சொன்னதும் அவளே. அன்று மாலைவரை அவளைச் சுற்றியே வகுப்பு நடந்தது.

வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை விதைகளை ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி வைத்தோம். மாண்டிசோரி அம்மையாரின் நூறு மணிச் சதுரத்தை நாம் விலைக்கு வாங்கவில்லை. அது துணிக்குள் இருந்தது. முளைத்தவை எத்தனை, முளைக்காதவை எத்தனை என்று எண்ணிய பிள்ளைகள், சொல்லித் தராமலே கழித்தலைச் செய்தனர். முளையின் நீளத்தை நூலால் அளந்து, நூலை ஏட்டில் ஒட்டினர். தமிழ்ப் பாடத்திற்கு நாற்று, பதர், உமி, தவிடு, நொய் என்று சொற்கள் வந்து குவிந்தன; பாதியை வீட்டுப் பாட்டிமார் அனுப்பிவைத்தனர்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மையக் கருத்து என்றதும் பாட்டிலும் நெல், விளையாட்டிலும் நெல், ஓவியத்திலும் நெல் என்று வலிந்து இழுக்கும் ஆசை ஆசிரியருக்கு வரும். அது பாடமன்று, பொட்டலம் கட்டுதல். பாட்டு வேளையில் எம் பிள்ளைகள் தமக்குப் பிடித்ததையே பாடினர்.

கடற்கரைப் பங்குகளில் நெல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. வலை பின்னுவோர், கண்கள் எல்லாம் ஒரே அளவில் அமையும்படி ஒரு சிறு பட்டையை வைத்துப் பின்னுவர். அப்பட்டையை ஒருநாள் வகுப்பிற்குக் கொண்டுவரச் சொல்லலாம். எந்தக் கண்ணில் எந்த மீன் தப்பும், எது அகப்படும் என்பதை ஆசிரியருக்கு விளக்கப் பல பிள்ளைகள் முந்திக்கொண்டு எழுவார்கள்.